வாசலில் யார் உட்காருவது?

"கனெக்ட் ஆகலை சார்," என்றார் போனில் ஆபீஸ் கம்ப்யூட்டர்காரர்.

கம்பெனிக்கு வரைபடம் போடும் நம்மவருக்கு அலுப்பு எலும்பு வரை இறங்கியது. ஆபீசிலிருந்து அவருடைய வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் நுழைய முடிந்தால்தான் இனி வீட்டிலிருந்தே வேலை. இல்லாவிட்டால் நாளை முதல் பழையபடி பஸ் மாறி பஸ் மாறி, நின்றுகொண்டே போக வேண்டும். முழங்கால் எப்போதோ கைவிரித்துவிட்டது.

"நீங்க சொன்ன மாதிரியே ரவுட்டர்ல டிஎம்இசட் போட்டேனே தம்பி?"

"வாசக்கதவைத் திறந்து வச்சு, உங்க கம்ப்யூட்டரை வாசல்ல உக்கார வைக்கிற வேலை சார் அது. அதுல போட்ட உங்க கம்ப்யூட்டர் நம்பரை மறுபடி பாருங்க."

பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. சரியாக இருப்பதைச் சும்மா விடும் பழக்கம் அவர் பரம்பரைக்கே கிடையாது. ரவுட்டரை அணைத்துப் போட்டார். விழித்த ரவுட்டர் வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் நம்பரை மாற்றிக் கொடுத்தது. கம்ப்யூட்டரின் பழைய நம்பர் பிரிண்டருக்குப் போய், இப்போது வாசலில் பிரிண்டர். ஊர்பேர் தெரியாத எவனோ அனுப்பிய கிறுக்கல்களைப் பக்கம் பக்கமாகத் துப்பியது.

"என்னங்க இது?" என்று மனைவி தாள்களைப் பொறுக்கினாள்.

"அது கிடக்கட்டும். முதல்ல அடுப்பைக் குறை. பாத்திரத்தை மூடி வை."

மூடினாள். வாயையும்தான்.

பிரிண்டர் வயரைப் பிடுங்கினார். ரவுட்டர் வயரும் கூடவே வந்தது. மறுபடி சொருகியதும் வாசலில் டிவி. அது தானாக விழித்து, யாரோ ஒரு தடியன் தண்டால் எடுப்பதைக் காட்டியது. வெறுத்துப்போய் ரவுட்டரின் பின்னால் இருந்த ஓட்டையில் குண்டூசியை விட்டு அழுத்தினார். பாஸ்வேர்டு உட்பட எல்லாம் அழிந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாவம், எவ்வளவுதான் மல்லுக்கட்டுவீங்க? ஆபீசுக்கே போயிடுங்க. காலையில சாப்பாடு கட்டித் தர்றேன்."

இத்தனை கனிவாக அவள் பேசிக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போனதும் போனைப் போட்டார்.

"தோத்துட்டேன் தம்பி. நாளைக்கு வந்துடறேன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க."

கம்ப்யூட்டர்காரர் குரலைத் தாழ்த்தினார்.

"மனசு கேக்கலை சார். முதல் தடவையே கனெக்ட் ஆயிடுச்சு. உங்ககிட்ட சொல்றதுக்குள்ள உங்க வீட்டுலேருந்து அக்கா போன் பண்ணி, 'ஆகலைன்னு சொல்லிடு தம்பி, இவரு பகல்லயும் வீட்டுல இருந்தா நான் எங்க போவேன்'னு ஒரே அழுகை!"