அரிசி இழுக்காத பிளக்

அரசுக்குச் சொந்தமான கார் ஓட வேண்டுமானால் அதன் என்ஜினுக்கு ஸ்பார்க் பிளக் வேண்டும் என்பதை மேலிடம் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டுவிட்டது. எந்தப் பிளக் என்பதில்தான் கருத்து வேறுபாடு இருந்தது.

ஆம்பூர்ப் பக்கத்துத் தோல் தொழிற்சாலைகள் திருட்டுத்தனமாகப் பாலாற்றில் திறந்துவிடும் கழிவுநீரைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்கென்று வேலூரில் ஓர் அலுவலகம் இருந்தது. தோல் கழிவுநீர் அதிவிரைவுத் தடுப்புச் சிறப்புப் பிரிவு என்பது அதன் முழுப்பெயர். அதிவிரைவுக்கு ஆதாரமாக அதனிடம் இருந்தது ஒரு பழைய ஜீப். அந்த ஜீப் பள்ளிகொண்டாவைத் தாண்டும்போதே அங்கிருக்கும் டீக்கடையிலிருந்து போன் போய்விடும். ஆம்பூரில் போய் இறங்கினால் குழாய் மூடியிருக்கும், வாசலில் பூந்தொட்டி வைத்திருப்பார்கள், முதலாளி இஞ்சி டீயோடு நிற்பார். அதிகாரிகள் டீயைப் பரிசோதித்துவிட்டுத் திரும்புவார்கள்.

உதவிப் பொறியாளர் கோதண்டராமன் மட்டும் அந்த டீயைக் குடிப்பதில்லை. அதற்கு நேர்மை ஒரு காரணம். வீட்டுக் குழாயில் அதே நிறத்தில் தண்ணீர் வருவது இன்னொரு காரணம். ஆம்பூருக்கு வெளியே, பரணிதரன் என்பவருடைய தோல் தொழிற்சாலைக்குப் பின்னால், மலிவாகக் கிடைத்ததே என்று மனை வாங்கி வீடு கட்டியிருந்தார். ஏன் மலிவாகக் கிடைத்தது என்பது போர்வெல் போட்ட பிறகு தெரிந்தது.

"ஊரெல்லாம் கழிவுத்தண்ணி பிடிக்கப் போற மனுஷன் வூட்ல குழாயத் தெறந்தா டீ வருது" என்பாள் அவர் மனைவி மோகனா. "சர்க்கரை மட்டும் வாங்கினு வாங்க, போதும்."

பரணிதரன் குழாயைத் திறப்பது அவர்கள் சமையலறைச் சன்னலிலிருந்து நன்றாகவே தெரியும். கோதண்டராமன் அதைப் பார்த்து எழுதியும் கொடுத்தார். ஆய்வு என்பது தலைமையகத்திலிருந்து அரசு வாகனத்தில் புறப்பட்டுச் செய்யப்பட வேண்டியது. சமையலறையிலிருந்து பார்ப்பது தனிப்பட்ட பார்வையே தவிர அரசுப் பார்வை ஆகாது என்று பதில் வந்தது. ஆகவே அவர் தினமும் காலையில் ஆம்பூரில் குற்றத்தைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறி வேலூருக்குப் போய், அதைப் பிடிக்க வண்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் வண்டி கிடைத்தது. செம்மரம் கடத்திய ஒருவனிடமிருந்து பறிமுதல் செய்த கார். சிவப்பு நிறம், இரண்டே கதவு, டர்போ என்ஜின். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். 'அரசுப் பணிக்காக' என்று கண்ணாடியில் ஒட்டி, பின்னால் ரப்பர் மட்கார்டு தொங்கவிட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிப் பிரிவிடம் ஒப்படைத்தார்கள். ஓட்டுநர் பணியிடம் காலியாக இருந்ததால் கோதண்டராமனே ஓட்டினார். டீக்கடைக்காரன் போனை எடுப்பதற்குள் ஆம்பூர் போய்விடலாம் என்று நினைத்தபோது அவருக்கு, வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பிறகு முதல் முறையாக, உத்தியோகத்தின் மேல் பிரியம் வந்தது.

விரிஞ்சிபுரம் தாண்டியதும் கார் இருமியது. அப்புறம் குலுங்கியது. அப்புறம் பட்டாசு மாதிரி வெடித்தது. ஆட்கள் வழிய வழிய வந்த ஒரு ஷேர் ஆட்டோ அதை ஓவர்டேக் செய்தது. உள்ளேயிருந்து யாரோ கை காட்டினார்கள்.

காரை பைபாஸில் இருந்த ஜியாவுல்லாவின் பட்டறைக்கு இழுத்துப் போனார்கள். தொழிற்சாலை முதலாளிகளின் பிள்ளைகள் ஜியாவுல்லாவைக் கேட்காமல் சைலன்சரை மாற்ற மாட்டார்கள். பட்டறைக்கு உள்ளே கூடக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பார்.

"சார், யாரோ டர்போ என்ஜினுக்கு டாக்ஸி பிளக்கைப் போட்டு வெச்சிக்கிறாங்க" என்றார் அவர். "முனையெல்லாம் உருகிப்போச்சி. இது சூடு ஜாஸ்தி ஆவுற என்ஜின். இதுக்குக் கோல்டு பிளக்தான் போடணும். தங்கம் இல்ல சார், ஹாட்டுக்கு எதிர் கோல்டு. அதுலயும் இரிடியம். நாலு போட்டா வண்டி பறக்கும்."

கோல்டு, இரிடியம். இந்த இரண்டு சொற்களையும் கோதண்டராமன் தமது குறிப்பில் அப்படியே எழுதினார். அவர் செய்த ஒரே தவறு அதுதான்.

இணை இயக்குநர் பச்சையப்பன் முதல் சொல்லிலேயே நிறுத்திவிட்டார். அவர் உணவு முறையில் அக்கறை உள்ளவர். தயிரைக் கூட மாலை வேளையில் தொட மாட்டார்.

"சூட்டு ஒடம்புக்காரன் திடீர்னு ஐஸ் தண்ணி குடிச்சா இன்னா ஆவும்?"

"சார், இது என்ஜின்."

"என்ஜின்னா மட்டும் இன்னா? வண்டி இருமிச்சின்னு நீங்கதானே எழுதிக்கிறீங்க? இருமுற வண்டிக்குக் கோல்டா?"

விளக்கம் சொல்ல ஜியாவுல்லா அழைக்கப்பட்டார். "கோல்டு பிளக்னா குளிர்ச்சியானதுன்னு அர்த்தமில்ல சார். சூட்டை உள்ள வெச்சிக்காம சீக்கிரமா வெளிய தள்ளிடும்."

"இளநியும் அதைத்தான்யா செய்யுது" என்றார் பச்சையப்பன், தம் கட்சி வென்ற நிம்மதியோடு.

இது குறித்து ஒரு குழு அமைக்கப்பட்டது. மார்கழியில் சூட்டுப் பிளக்கும் சித்திரையில் குளிர்ப் பிளக்கும் மாற்றி மாற்றிப் போடலாம் என்று ஒரு யோசனை வந்தது. முதலில் மிதமான பிளக்கைப் போட்டு என்ஜினைப் பழக்கலாம் என்றார் இன்னொருவர். வேலூரின் வெயில் உலகறிந்தது, ஆகவே உள்ளூர் தட்பவெப்பத்தை உத்தேசித்துக் கோல்டு பிளக்கே பொருத்தலாம் என்று குழு பரிந்துரைத்தது. தப்பான பஸ்ஸில் ஏறிச் சரியான ஊரில் இறங்குவது அலுவலகங்களுக்குப் புதிதல்ல. கோதண்டராமன் திருத்தம் எதுவும் சொல்லாமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டு பிளக்கை வாங்கிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் கணக்கு அலுவலர் ஷஹீன் பானுவிடம் கோப்பு போனது. அவர் இரண்டாவது சொல்லைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கோதண்டராமன் சார், இது இன்னா இரிடியம்?"

"பிளக் மேடம்."

"இரிடியம்னா கலசம் சார். எங்க நாத்தனார் வூட்டுக்காரரு இதுல மாட்டிதான் வூட்டை வித்தாரு."

இந்தப் பக்கத்தில் இரிடியத்தைப் பற்றித் தெரியாதவர் கிடையாது. கோயில் கலசத்தில் இடி விழுந்தால் அதிலிருக்கும் செம்பு இரிடியமாக மாறிவிடும்; பக்கத்தில் அரிசியைக் காட்டினால் காந்தம் மாதிரி இழுக்கும்; வெளிநாட்டுக்காரன் அதைக் கோடி கோடியாகக் கொடுத்து வாங்கிப்போவான். இப்படிச் சொல்லி ஏமாற்றுகிற கும்பல் மாதத்துக்கு ஒன்று பிடிபடும். பேப்பரில் அதைப் படித்துவிட்டு, இப்படியும் ஏமாறுவார்களா என்று எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு, உண்மையான இரிடியம் எங்கேயோ இருக்கத்தான் செய்கிறது, இவன்கள்தான் டூப்ளிகேட் என்பார்கள்.

இரிடியம் என்பது ஓர் உலோகம், உலகம் முழுக்கக் காரில் போடுகிறார்கள் என்று கோதண்டராமன் எடுத்துச் சொன்னார். ஷஹீன் பானு பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்ப அரிசியை இழுக்காதுன்னு எழுதிக் கையெழுத்துப் போடுறீங்களா?"

"இழுக்காது மேடம். போடறேன்."

"இழுக்கலன்னா அது டூப்ளிகேட் சார். அரசாங்கத்துக்கு டூப்ளிகேட் இரிடியம் வாங்கிக்கிறீங்க. மோசடி."

"சரி, இழுக்குதுன்னு வெச்சிக்குங்க."

"இழுத்தா அது கோயில் சொத்து. திருட்டு."

"ரெண்டுல எதுவா இருந்தாலும் கார் எப்ப மேடம் ஓடும்?"

"கார் ஓடறது வேற சப்ஜெக்ட்" என்றார் ஷஹீன் பானு. அவர் கெட்டவர் அல்ல. வீட்டை விற்ற நாத்தனார் குடும்பம் அவரோடுதான் குடியிருந்தது.

ஆகவே சோதனைக்கு ஏற்பாடாயிற்று. அரசுச் சோதனை என்பதால் ரேஷன் அரிசி. இணை இயக்குநர் அறையில் மின்விசிறியை நிறுத்தி, எவர்சில்வர் தட்டில் அரிசியைப் பரப்பி, நான்கு பிளக்குகளையும் ஒவ்வொன்றாக மேலே காட்டினார்கள். மூன்று பிளக்குகள் சும்மா இருந்தன. நான்காவதைத் தூக்கியபோது அதன் திருகு மரையில் ஓர் அரிசி ஒட்டிக்கொண்டு வந்தது.

பச்சையப்பன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஜியாவுல்லா பிளக்கின் மரையில் கிரீஸ் தடவிக் கொடுத்திருந்தார் என்பது கோதண்டராமனுக்குத் தெரியும். இருந்தும் ஒரு கணம் அவருக்கும் உடம்பு சிலிர்த்தது. உடனே வெட்கமாகப் போய்விட்டது.

"மரையில கிரீஸ் இருக்கு சார்."

"கிரீஸ் நாலுலயும்தானே இருக்கு? ஒண்ணு மட்டும் ஏன் இழுத்துது?" என்றார் பச்சையப்பன்.

'நான்கில் ஒன்று ஓரளவு இழுத்தது' என்று பதிவாகி, பிளக்குகள் இரும்புப் பெட்டிக்குள் போயின. பெட்டிக்குத் துப்பாக்கியோடு ஒரு காவலர். இடி விழுந்த கலசம் ஏதாவது காணாமல் போயிருக்கிறதா என்று கோயில்களுக்குக் கடிதம் பறந்தது. எங்கள் கலசம் கோபுரத்தின் மேலேயே இருப்பதாக நம்புகிறோம், ஏறிப் பார்க்க ஏணி இல்லை என்று ஒரு கோயிலிலிருந்து பதில் வந்தது. ஏணி கொள்முதல் செய்ய இன்னொரு கோப்பு திறக்கப்பட்டது.

விஷயம் வெளியே கசிந்தது. கசியாமலிருக்க அது என்ன தோல் தொழிற்சாலைக் குழாயா, ஆள் வருவதைப் பார்த்து மூடுவதற்கு. டீ கொண்டுவருபவர் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேரணாம்பட்டிலிருந்து ஒருவர் வேனில் வந்து, வெளிநாட்டுப் பார்ட்டி கையில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு மதியம் ஜியாவுல்லாவே வந்து கோதண்டராமனை ஓரமாகக் கூப்பிட்டார். கறுப்புக் கண்ணாடி இல்லை. முழங்கை வரை கரி.

"சார், உண்மையைச் சொல்லுங்க. இழுத்துச்சாமே?"

"யோவ், பிளக்கைக் குடுத்தவனே நீதானேயா."

"அதான் சார் பேஜாரா இருக்கு. இத்தனை வருஷமா முதலாளி பசங்க கார்ல கழட்டின பழைய இரிடியத்தை எல்லாம் இரும்புக் கடைக்குப் போட்டுட்டேன். காலையிலருந்து அந்தக் கடைக்காரன் குப்பையைத்தான் கிளறினு இருக்கேன்."

கோதண்டராமனுக்கு அழுகை வரும் போலிருந்தது. மோகனா இப்போதெல்லாம் சண்டை போடுவதில்லை. கேன் தண்ணீரில் சோறு வடித்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். அதுதான் அவரை அரித்தது. நியாயத்தைப் பேசி இங்கே ஒன்றும் நடக்காது என்று தெரிந்த பிறகு அவர் அலுவலகத்தின் மொழியிலேயே ஒரு குறிப்பு எழுதினார். 'மேற்படி அரும்பொருளுக்கு இரும்புப் பெட்டியின் பாதுகாப்பு போதாது. என்ஜினுக்குள் இறுக்கித் திருகி, பானட்டைப் பூட்டி, உயர் அதிகாரிகள் மேலே அமர்ந்து செல்வதே உச்சபட்சப் பாதுகாப்பாகும்.' அன்று மாலையே ஆணை வந்துவிட்டது.

மறுநாள் காலை கார் புறப்பட்டது. முன்னால் பச்சையப்பன், பின்னால் ஷஹீன் பானுவும் துப்பாக்கிக் காவலரும் முழங்கால்களை மடித்துக்கொண்டு. ஜியாவுல்லா சொன்னது பொய்யில்லை, வண்டி பறந்தது. பள்ளிகொண்டா டீக்கடைக்காரர் ஏதோ சிவப்பாகப் போனதைப் பார்த்தார். அது என்ன என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் மாதனூரும் போய்விட்டது. பரணிதரன் தொழிற்சாலையின் பின்பக்கம் கோதண்டராமன் பிரேக்கை மிதித்தபோது குழாய் திறந்திருந்தது. காப்பிக்கொட்டை நிறத்தில் கழிவுநீர் நுரையோடு வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. பூந்தொட்டி இல்லை, இஞ்சி டீ இல்லை. அரசுப் பார்வைக்கு முன்னால் முதல் முறையாக ஒரு குற்றம் நடந்துகொண்டிருந்தது. அவர் சாம்பிள் பாட்டிலின் மூடியைத் திருகித் திறந்தார்.

பரணிதரன் லுங்கியோடு ஓடி வந்தார். முகம் வெளுத்திருந்தது. காரைப் பார்த்தார், துப்பாக்கிக் காவலரைப் பார்த்தார், பானட்டில் தொங்கிய பூட்டைப் பார்த்தார். வெளுத்த முகம் மெல்ல மலர்ந்தது.

"இதானா சார் அது?"

"தள்ளுங்க. சாம்பிள் எடுக்கணும்."

"தண்ணி எங்க சார் ஓடிடப் போவுது" என்றார் பரணிதரன், ஓடிக்கொண்டிருந்த தண்ணீருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. "ஒரே ஒரு வாட்டி தெறந்து காட்டுங்க. ஒரு வாரமா மடியில அரிசி கட்டினு திரியிறேன். பொன்னி அரிசி சார்."

பச்சையப்பன் தொண்டையைச் செருமினார். "ரேஷன் அரிசியிலதான் பார்த்தோம் இல்ல?" என்று ஷஹீன் பானுவிடம் கேட்டார். அதற்குள் அந்த அம்மாள் கைப்பையிலிருந்து பானட் சாவியை எடுத்திருந்தார்.

பானட் திறந்தது. காவலர் துப்பாக்கியைக் காரில் சாய்த்துவிட்டு ஸ்பேனர் பிடித்தார். தொழிற்சாலை ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். அரிசியை எதில் வைப்பது என்று பார்த்த பரணிதரன், கோதண்டராமன் கையிலிருந்த காலிப் பாட்டிலில் அதைக் கொட்டினார். கோதண்டராமன் தடுக்கத்தான் நினைத்தார். ஆனால் அன்று ஒட்டிய அந்த ஒற்றை அரிசி ஞாபகம் வந்தது. ஒன்றே ஒன்று இழுத்தால் போதும், நல்ல தண்ணீர் வரும் ஊராகப் பார்த்து ஒரு வீடு வாங்கிவிடலாம். காவலர் கழற்றி நீட்டிய பிளக்குக்கு நேராகப் பாட்டிலைச் சற்று உயர்த்திப் பிடித்தார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மோகனா.

"சன்னல்லருந்து பார்த்துனுதான் இருக்கேன். வந்துட்டீங்களே" என்றாள். குரல் சந்தோஷத்தில் உடைந்தது. "இங்க குழாயில டிகாஷனாவே கொட்டுது. புடிச்சிட்டீங்களா?"

"மெதுவா பேசு மோகனா" என்றார் கோதண்டராமன், பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்காமல். "அரிசி லேசா அசையற மாதிரி இருக்கு."