நாற்பத்தேழு நிமிடம்

"நாற்பத்தேழா? சரியாப் பார்த்தீங்களா?"

"ரெண்டு தடவை பார்த்துத்தான் எழுதினேன் மேடம். எதிர்ல ஒன்பதுன்னு போட்டிருக்காங்க," என்றார் காவலாளி.

விதியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள். அப்படியும் சாலைக்கு அந்தப் பக்கமிருந்த வங்கியின் வாசலில் ஒன்பதுதான் தெரிந்தது.

வங்கிகளை மேற்பார்வை பார்க்கும் ஆணையம் இரண்டு புது விதிகள் போட்டிருந்தது. டோக்கன் எடுத்தவர் எத்தனை நிமிடம் காத்திருக்கிறார் என்பதை ஒவ்வொரு கிளையும் வாசலில் எழுதி வைக்க வேண்டும். காத்திருக்கப் பிடிக்காதவர், கணக்கு எண்ணைக்கூட மாற்றாமல் வேறு வங்கிக்குப் போய்விடலாம். போட்டி வந்தால் வங்கிகள் சுறுசுறுப்பாகும் என்பது ஆணையத்தின் நம்பிக்கை. கிளை மேலாளரான அவளுக்கும் அதே நம்பிக்கைதான். முப்பது வருடமாகச் சுற்றறிக்கைகளை வரி விடாமல் ஒப்பித்து வருவதால் ஊழியர்கள் வைத்த பெயர்தான் விதியம்மா. அது அவள் காதிலும் விழுந்திருந்தது. வருத்தமில்லை.

வருத்தமெல்லாம் வேறு. மூன்றே வாரத்தில் இருநூறு கணக்குகள் சாலையைக் கடந்துவிட்டன. இன்னும் நூறு போனால் கிளையை மூடுவோம் என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. மூடினால் பதினோரு ஊழியர்களுக்கும் பதினோரு ஊருக்கு மாற்றல்.

"நம்மளைவிட அங்க ரெண்டு ஆள் கம்மி. அப்புறம் எப்படி ஒன்பது?"

காசாளர் குரலைத் தாழ்த்தினார். "உள்ள வந்ததும் டோக்கன் கொடுக்கறதில்லையாம் மேடம். கவுன்டர் காலியாகப்போற நேரம் பார்த்துத்தான் கொடுக்கறாங்களாம்."

விதியம்மா சுற்றறிக்கையை எடுத்துப் படித்தாள். டோக்கன் எடுத்த நிமிடத்திலிருந்துதான் கணக்கு. அதற்கு முன்னால் ஒருவர் நாள் முழுக்க நின்றாலும் விதியின் கண்ணில் அவர் படமாட்டார்.

"விதியில இடமிருக்கு," என்றாள்.

மறுநாள் டோக்கன் இயந்திரம் காவலாளியின் பொறுப்பில் வந்தது. கவுன்டர் காலியாகக் காலியாக ஒவ்வொருவராக உள்ளே விட்டார். காத்திருக்கும் நேரம் ஆறு நிமிடத்துக்கு இறங்கியது. உள்ளே மின்விசிறிகள் வெறும் நாற்காலிகளுக்குக் காற்று வீசின. வெளியே வரிசை படியிறங்கி, நடைபாதையில் நீண்டு, மருந்துக் கடையை மறைத்தது.

பதினோரு மணிக்கு மருந்துக் கடைக்காரர் வந்தார். "மேடம், உங்க வரிசையை என் கடை வரிசைன்னு நெனச்சுக்கிட்டு, ஊர்ல என்ன காய்ச்சல் பரவுதுன்னு எல்லாரும் கேக்கறாங்க."

நியாயமான புகார். விதியம்மா வரிசையை மறுபக்கம் திருப்பி, தெருமுனை தாண்டிப் பேருந்து நிறுத்தம்வரை நிற்க வைத்தாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. பேருந்தில் போனவர்களுக்கு, வங்கி வாசலில் இத்தனை கூட்டம் நிற்பதற்கு ஒரே காரணம்தான் தோன்றியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பன்னிரண்டு மணிக்குள் வரிசை இரண்டு மடங்கானது. புதிதாக வந்தவர்கள் எல்லாருக்கும் பணம் எடுக்கும் படிவம்தான் தேவைப்பட்டது.

பேசினால் தீர்ந்துவிடும் என்று அவள் வாசலுக்கு வந்தாள். "யாரும் பயப்படாதீங்க. உங்க பணம் பத்திரமா இருக்கு."

மின்கட்டணம் கட்ட வந்திருந்த பெரியவர் ஒருவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "பயப்படற மாதிரி ஏதாவது ஆயிடுச்சா?" பதிலுக்குக் காத்திராமல் மின்கட்டண பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவரும் ஒரு படிவம் கேட்டு வாங்கினார்.

ஒரு மணிக்குக் கணவர் தொலைபேசியில் அழைத்தார். "நம்ம சேமிப்பு மொத்தத்தையும் எடுத்தாச்சு. எதிர் பேங்க்ல போட்டுட்டேன். நீ கவலைப்படாதே."

"ஏங்க, நான் இங்க மேலாளர்."

"அதனாலதான் உன்கிட்ட சொல்லலை. வரிசையில நின்னுதான் எடுத்தேன்."

இரண்டு மணிக்குக் காசாளர் வந்தார். "கையிருப்பு இன்னும் அரை மணி நேரம் தாங்கும் மேடம்." தலைமை அலுவலகத்தின் பண வண்டி நாளைக்குத்தான் வரும். விதியம்மா மானத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, கடனாகப் பணம் கேட்கச் சாலையைக் கடந்தாள்.

எதிர்வங்கி மேலாளர் அவளோடு ஒரே வருடம் பயிற்சி பெற்றவர். முப்பது வருடமாக ஒருவர் முந்தினால் மற்றவருக்குத் தூக்கம் வராது. இன்று அவர் நாற்காலியின்மேலும் பணக்கட்டுகள் இருந்ததால் நின்றுகொண்டிருந்தார்.

"தாராளமா எடுத்துட்டுப் போங்க. வைக்க இடமில்லை. உங்ககிட்ட எடுக்கறதையெல்லாம் இங்கதான் கொண்டாந்து கொட்டறாங்க."

கையெழுத்துப் போட்டு வாங்கி, இரண்டு காவலாளிகள் துணையோடு கொண்டுவந்தாள். ஒரு மணி நேரத்தில் அந்தப் பணம் பைபையாகச் சாலையைக் கடந்தது. மறுபடி போனாள். மூன்றாம் தடவை காசாளர் ஒரு கட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது காலைல நான் எண்ணிக் கொடுத்தது மேடம். ரப்பர் பேண்டுகூட என்னோடதுதான்," என்றார்.

ஒருவழியாகக் கதவடைக்கும் நேரம் வந்தது. எதிர்வங்கி மேலாளர் கழுத்தைத் துடைத்தபடி இந்தப் பக்கம் வந்து, அவளருகே படியில் உட்கார்ந்தார்.

"இதுல யார் ஜெயிச்சோம்னே தெரியலையே."

"விதி," என்றாள் அவள். எந்த விதி என்று அவர் கேட்கவில்லை.

உண்மையில் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். வாசலில் எழுதிய கணக்கில் இங்கே ஐந்து நிமிடம்; பணப்பையோடு வந்தவர்களைத் தெருவில் நிறுத்த முடியாமல் உடனே டோக்கன் கொடுத்துவிட்டதால் அங்கே தொண்ணூறு. பணம் போட அங்கே நேரமாகிறதென்று நாற்பது பேர் கணக்கையே இந்தப் பக்கம் மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பணம் எடுத்தவர்களும் கணக்கை மூடவில்லை. கிளை பிழைத்துவிட்டது. பதினோரு பேரும் இந்த ஊரிலேயே இருக்கலாம். அவருக்கு முன்னால் சிரிக்கக்கூடாதே என்று அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது ஒரு சிறு வண்டி வந்து நின்றது. காகிதம் சுற்றிய இரண்டு நீளப் பலகைகளை இறக்கிச் சுவரில் சாய்த்த ஆள், "மேனேஜர் யாருங்க?" என்றான்.

"நான்தான்," என்றார்கள் இருவரும்.

"ரெண்டு பேரும் ஒரே இடத்துல இருக்கறது நல்லதாப் போச்சு. ரெண்டு பேங்கும் இன்னைலேருந்து ஒண்ணாமே, ஒரே பேர்ல ரெண்டு போர்டு கொடுத்தனுப்பியிருக்காங்க. முதல்ல எந்தப் பக்கம் மாட்டட்டும்?"