வலப்பக்கத்து இதயம்

தப்பே செய்யாதவர் என்றொரு இனம் உண்டு. தப்பு நடக்கும், அவர் கையாலேயே நடக்கும். ஆனால் அவருடையதாக மட்டும் இருக்காது. நானும் அந்த இனம்தான் என்பதால் உரிமையோடு சொல்கிறேன், கேளுங்கள்.

கால்நடைக் கல்லூரியில் ஒருவர் இருக்கிறார். கூட வேலை செய்பவர்களுக்குச் ‘சீவல் சார்’. செத்த பிராணியைக் கல்லாக உறையவைத்து, இயந்திரத்தில் மூக்கு முதல் வால்வரை மெல்லியதாகச் சீவி, ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் தெரிகிற பரப்பைப் படமெடுத்து, நாலாயிரம் படங்களிலும் எலும்பு எது, ஈரல் எது என்று கோடு வரைந்து, வரிசையாக அடுக்கிக் கணினியில் முழு உருவமாகச் சுழலவிடுவது அவர் வேலை. பிராணி தூளாகிவிடும். படம்தான் மிஞ்சும். அப்புறம் படம் சொல்வதே வேதவாக்கு.

இந்த முறை தையற்காரர் ஒருவர் வளர்த்து, செத்ததும் கொடுத்த கிழட்டு நாய். எட்டு மாதம் மாடாய் உழைத்து அடுக்கிப் பார்த்தால், இதயம் வலப்பக்கம் இருக்கிறது! வரிசையைத் தலைகீழாக அடுக்கினால் இடம் வலமாகிவிடும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அந்தச் சந்தேகம் தலைதூக்கத்தான் செய்தது, அதட்டி உட்காரவைத்தார். ‘லட்சத்தில் ஒரு நாய்’ என்று கட்டுரை எழுதி அனுப்பினார். மனைவியிடமும் பீற்றிக்கொண்டாயிற்று. இனி எப்படிப் பின்வாங்குவது?

படத்தைக் காட்டும் நாளில் அரங்கம் நிரம்பி வழிந்தது. கல்லூரி முதல்வர் கைகுலுக்கினார். தன் நாயை இன்னொரு தடவை பார்த்துவிட வந்திருந்த தையற்காரர் எழுந்தார்.

“சார், எங்க பையனுக்கு இடது காதுதானே கிழிஞ்சிருக்கும்? இதுல வலது காது கிழிஞ்சிருக்கே?”

“அபூர்வ வகைங்க. இதயம் மாறினா காதும் மாறும்.”

“அது பிறவியில வந்ததில்லீங்க. பக்கத்துத் தெரு நாய் கடிச்சது.”

அரங்கமே சிரித்தது. கடித்த நாயையும் ஆராய வேண்டும் என்று சொல்ல சீவல் சார் வாயெடுத்தார். தையற்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்போ இது வேற நாயா சார்? எங்க பையன் எங்க?”

அந்தக் குரல் அவரை என்னவோ செய்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. குனிந்த தலையோடு வரிசையை மாற்றும் பொத்தானைத் தட்டினார். திரையில் காது இடப்பக்கம் போனது. இதயமும் கூடவே போனது. லட்சத்தில் ஒரு நாய் வெறும் நாயாயிற்று.

“ஆங், இதான் எங்க பையன்!” தையற்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“தப்பு என்னோடதுதான்” என்றாரா சீவல் சார்? அவ்வளவு தூரம் போகவில்லை. “மென்பொருள்ல ஏதோ கோளாறு” என்றார்.

சிரிக்கிறீர்களா? சரி, ‘நான்தான் தப்புப் பண்ணினேன்’ என்று ‘ஆனால்’ சேர்க்காமல் நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எல்லாம் இந்த ஞாபகமறதி செய்கிற வேலை.