பட்டாசு ஆபீசுக்குள் ஒரு பச்சைக் குல்லா

ஓர் ஆம்பளைக்கு எத்தனையோ கெட்ட பழக்கம் இருக்கலாம். குடிக்கலாம், சீட்டாடலாம். ஊர் நாலு நாள் பேசிவிட்டு மன்னித்துவிடும். ஆனால் உல்லன் நூலும் ஊசியுமாக வாசலில் உட்கார்ந்து குல்லா பின்னினால் மட்டும் மன்னிக்காது. அதுவும் எங்கள் எம். புதுப்பட்டிப் பக்கம், அதுவும் அக்கினி நட்சத்திரத்தில்.

நான் பின்னுகிறவன். முருகன் அறிய உண்மையைச் சொல்கிறேன், இதில் எனக்குப் பெருமை இல்லை. வெட்கம் இருந்தது. வருசத்துக்கு வருசம் அதுவும் தேய்ந்துவிட்டது.

நான் ஒரு பட்டாசு ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். (பேப்பரில் ஆலை என்று போடுவார்கள். எங்களுக்கு அது ஆபீஸ்தான். உட்கார நாற்காலி கிடையாது, ஃபேன் கிடையாது, ஆனாலும் ஆபீஸ்!) மேனேஜர்களின் சட்டைப் பையில் மட்டும் செல்போன் எட்டிப்பார்த்த காலம் அது. ஒரு தீபாவளி சீசனில், ஆர்டர் நெருக்கிய நேரம், வெடிமருந்துத் தட்டில் எங்கிருந்தோ ஒரு பொறி விழுந்து என் வலது கை வெந்துபோனது. நாலு பேர் இருக்க வேண்டிய ரூமில் அன்றைக்கு எத்தனை பேர் இருந்தோம் என்று யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. உயிர்ச்சேதம் இல்லாமல் காப்பாற்றியவன் முருகன். கையை அவன் ஏன் விட்டுவிட்டான் என்று கேட்கும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை.

மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் புண் ஆறியது. விரல்கள்தான் செத்த கோழியின் கால் மாதிரி மடங்கிக்கொண்டன. அங்கே கைப்பயிற்சி கொடுக்கும் சிஸ்டர் ஒருத்தி இருந்தாள். மற்ற ஆம்பளைகளிடம் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள். என் முறை வந்தபோது பந்து தீர்ந்துபோயிருந்தது. ஒரு ஜோடி நீளமான இரும்பு ஊசியையும் நூல்கண்டையும் கொண்டுவந்து நீட்டினாள்.

"சிஸ்டர், நான் ஆம்பள."

"ஊசிக்கு அது தெரியாது. பிடிங்க."

பிடித்தேன். அழுதுகொண்டேதான் பிடித்தேன். வலி அப்படி. ஆனால் தை மாதம் வீட்டுக்கு வந்தபோது எனக்கு நாலு கண்ணி சேர்ந்தாற்போலப் பின்ன வந்தது.

வீட்டில் என் மனைவி பேச்சியம்மாள் இல்லை. கம்பெனி வேனில் போயிருந்தாள். என் கை போனதும், அதே ஆபீசில், சரவெடி பின்னும் ரூமில் அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். பெரிய மனசு என்று ஊரே பாராட்டியது. கல்யாணம் பேசியபோது அவள் அப்பாவிடம் நான் சொன்ன ஒரே வாக்கு, "ஒங்க மக மேல மருந்து வாசம் படாது மாமா" என்பதுதான். இப்போது தினமும் சாயங்காலம் அவள் வேனை விட்டு இறங்கும்போது வாசம் முதலில் இறங்கும், பிறகுதான் அவள் இறங்குவாள்.

எப்படியாவது நான் மறுபடி வேலையில் சேர்ந்து இவளை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். வேறு நினைப்பே எனக்கு இல்லை. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போனபோது அம்மன் சந்நிதியில் நின்று வேண்டிக்கொண்டேன்: "தாயே, இவ அந்த ரூமை விட்டு வெளிய வந்துட்டா அடுத்த பங்குனிக்கு ஒனக்கு அக்கினிச்சட்டி எடுக்கேன்." கை வெந்தவன், அந்தக் கையிலேயே நெருப்பு ஏந்துகிறேன் என்கிறான். அம்மனுக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

சித்திரை பிறந்தது. மூச்சு விட்டால் மூக்கு பொசுங்கும் வெயில். அந்த வெயிலில்தான் நான் பின்னலை ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். உல்லன் நூல் வேர்த்த கையில் பல்லி மாதிரி ஒட்டும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன்: உள்ளங்கையில் திருநீறு. (பவுடர் வாங்கலாமே என்பீர்கள். வீட்டில் இருந்தது திருநீறுதான்.) கால் இரண்டையும் தண்ணீர் நிறைந்த சட்டிக்குள் விட்டுக்கொள்வேன். தலையில் ஈரத்துண்டு. நூல்கண்டைக் குளிர்ச்சிக்காகத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன். ஒரு கண்ணிக்கு ஒரு 'சரவணபவ'. வரிசை முடிந்தால் ஒரு 'அரோகரா'. அடுத்த வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, "என்ன சாமி, ஊட்டிக்குப் போறீகளாக்கும்?" என்பார். அவரை மதிக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வெயிலில் எனக்குப் பிடித்த ஒரே காரியம் அதுதான். விரல் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. வைகாசி வருவதற்குள் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பழைய சிநேகிதர்கள் மாதிரி ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது.

போர்மேன் அண்ணாச்சி ஒருதரம், மார்கழிப் பனி காதுக்குச் சேரவில்லை என்று சொன்ன ஞாபகம் வந்தது. அவருக்கு ஒரு குல்லா பின்ன ஆரம்பித்தேன். கிளிப்பச்சை.

"யாருக்கு இது?" என்றாள் பேச்சி.

"போர்மேன் அண்ணாச்சிக்கு."

"இது வைகாசில்லா?"

"வேலை கேக்க மாசம் பாக்க முடியுமா?"

"கையக் காட்டுனாப் போதாதா?"

போதாது என்று நினைத்தேன். கையை யாரும் காட்டலாம். வேலை செய்து காட்ட வேண்டும். ஆகவே குல்லாவை முடிக்காமல், கடைசி நாலைந்து வரிசையை மட்டும் மிச்சம் வைத்தேன். அண்ணாச்சி கண் முன்னாலேயே உட்கார்ந்து சரசரவென்று பின்னி முடித்து, அவர் தலையில் மாட்டிவிட வேண்டும். அவர் அசந்துபோய், "நாளைக்கே வந்துருலே" என்று சொல்ல வேண்டும். இந்தக் காட்சியை நான் மனசுக்குள் அத்தனை தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன். ஒரு தடவைகூட ஊசி எதனால் செய்தது என்று யோசிக்கவில்லை.

பட்டாசு ஆபீசுக்குள் இரும்பு ஆகாது. இரும்பும் இரும்பும் உரசினால் பொறி. உல்லன், நைலான் எதுவும் ஆகாது. காய்ந்த வெயிலில் அது உரசினாலும் பொறி. இது எங்கள் ஊர்ப் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். தலையில் ஊக்கு குத்தி வந்த பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியவன் நான். நைலான் சேலை கட்டி வந்த ஒருத்தியை அழவிட்டவன் நான். ஆனால் அத்தனை மாதம் அந்த ஊசிகள் என் கையிலேயே கிடந்து, இன்னும் இரண்டு விரல் மாதிரி ஆகிவிட்டன. விரலை யாராவது வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருவார்களா?

வெளுத்த வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கக்கத்தில் மஞ்சள் பை. கேட்டில் வாட்ச்மேன் தடவிப் பார்த்தார்.

"பீடி, தீப்பெட்டி இருக்கா?"

"நான் என்னைக்கு அண்ணே பீடி குடிச்சேன்?"

"பையில என்ன?"

"நூலு."

"போங்க, போங்க. கை தேவலையா?"

மேனேஜர் ரூமுக்குத்தான் போயிருக்க வேண்டும். பேச்சியும் பார்க்கட்டுமே என்ற ஆசையில் நேராகச் சரம் பின்னும் ரூமுக்குப் போனேன். வாசலில் செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பக்தியோடு தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். (அம்புட்டு ஒழுங்கான ஆள்!) அண்ணாச்சி அங்கேதான் நின்றார்.

"ஏலே, நீயா? வா, வா. கை எப்படி இருக்கு?"

"நீங்களே பாருங்க அண்ணாச்சி" என்று வாசற்படியில் உட்கார்ந்து, பையிலிருந்து குல்லாவை உருவினேன். உருவும்போது நூல் சடசடவென்று பொரிந்தது. அண்ணாச்சி முகம் மாறியது. அசந்துவிட்டார் என்று நினைத்தேன்.

ஊசிகளை ஒன்றோடொன்று தட்டிச் சரிசெய்துகொண்டு பின்ன ஆரம்பித்தேன். டிக் டிக் டிக்.

ரூமுக்குள் பேச்சு நின்றது. பேச்சி தலையைத் தூக்கினாள். அவள் மடியைச் சுற்றிச் சரவெடி குவிந்து கிடந்தது.

"ஏங்க... கையில என்ன அது?"

பெண்டாட்டி ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினேன்.

"கம்பி!" என்று யாரோ அலறினார்கள். "எய்யா, இரும்புக் கம்பி!"

அதற்குப் பிறகு அந்த ரூம் காலியானதைப் போல ஒரு ரூம் காலியாகி நான் பார்த்ததில்லை. பெண்கள் என்னைத் தாண்டி, என் மேல் ஏறி, என் பச்சைக் குல்லாவை மிதித்து ஓடினார்கள். பக்கத்து ரூம்களும் ஓடின. எல்லாரும் ஓடுவதைப் பார்த்து, எங்கோ தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து நானும் ஓடினேன். ஊசி கையிலேயே இருந்தது. நான் எந்தப் பக்கம் ஓடினாலும் கூட்டம் எதிர்ப்பக்கம் ஓடியது. நூல்கண்டு உருண்டு, வேப்பமரத்தைச் சுற்றி, ஒரு கிழவியின் காலைச் சுற்றி, என்னோடு வந்தது.

"கீழ போடாதலே! கல்லு தரை!" என்று கத்தினார் அண்ணாச்சி.

"போட்டுத் தொலைங்களேன்!" என்று கத்தினாள் பேச்சி.

நான் நின்றுவிட்டேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, கைக்கொரு ஊசியாகப் பிடித்தபடி, ஆபீஸ் நடுவில், வைகாசி வெயிலில் நின்றேன். வேண்டிக்கொண்ட அக்கினிச்சட்டி அன்றைக்கே எடுத்த மாதிரி இருந்தது. அண்ணாச்சி மெதுவாக வந்து, தூங்குகிற பிள்ளையை வாங்குவதுபோல ஊசியை வாங்கினார். ஈரச்சாக்கில் சுற்றித் தண்ணீர் டிரம்மில் போட்டார். குல்லாவும் பின்னாலேயே போனது.

அப்படி நின்றபோது எனக்குப் பார்க்க நிறைய நேரம் இருந்தது. 'இங்கு நான்கு பேர் மட்டும்' என்று எழுதிய அந்த ரூமிலிருந்து ஓடிவந்தவர்கள் எல்லாரும் வேலியோரம் ஒரே இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஒன்பது பேர். அதில் ஒருத்தி பேச்சி.

மேனேஜர் தன் ரூமில் என்னை நிற்கவைத்தார். பளபளவென்று டெர்லின் சட்டை, நைலானுக்குச் சொந்தக்காரன். பையில் செல்போன்.

"ரூல்ஸ்னா என்னன்னு தெரியுமா ஒனக்கு? ஒரு பொறி பறந்திருந்தா எத்தன உசுரு?"

அவர் சொன்னது முழுக்க நியாயம். அதுதான் இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. நான் வாயைத் திறந்து, "ஒம்பது உசுரு சார், போர்டுல நாலுதான் போட்டிருக்கு" என்று சொல்லியிருக்கலாம். வெளியே பேச்சி நின்றுகொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது அவள் சம்பளத்தில். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கை நல்லாத்தான் இருக்கு. தலைதான் சரியில்ல. இனிமே இந்தக் கேட்டுக்குள்ள காலெடுத்து வைக்காத" என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, பெரிய மனசோடு சொன்னார்: "ஒன் வீட்டம்மாவ நிறுத்தல, பயப்படாத. அது நல்லா வேலை பாக்கும்."

சாயங்காலம் பேச்சி வேனை விட்டு இறங்கினாள். குளித்தாள், உலை வைத்தாள், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பக்கத்தில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "நான் கேக்கேன், என்னையப் பாத்து இளிச்சுக்கிட்டே வேகமா வேற பின்னுதீக!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள்.

சேதி நாரணாபுரம் வரைக்கும் போய்விட்டது. எந்த ஆபீசிலும் என்னைச் சேர்க்கவில்லை. கேட்டிலேயே "ஊசி அண்ணாச்சியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். அடுத்த பங்குனிக்கு நான் அக்கினிச்சட்டி எடுத்தேன். அம்மன் தன் பங்கைச் செய்யவில்லை, என் பங்கை நான் செய்தேன். அவளோடு கணக்குப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை.

பேச்சி இன்னும் அந்த வேனில்தான் போகிறாள். நான் மூங்கில் ஊசி செதுக்கி வைத்துப் பின்னுகிறேன். சமைத்துவிட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, பகலெல்லாம் பின்னுகிறேன். கோடைக்காலம் வந்தால் இன்னும் அதிகமாகப் பின்னுவேன். எங்கள் பக்கம் ஏதாவதொரு ஆபீஸ் வெடிக்கிற அந்தச் சத்தம் அதிகமாகக் கேட்பது கோடையில்தான். கண்ணியை எண்ணிக்கொண்டிருக்கும்போது காது அந்தப் பக்கம் போகாது. போனாலும், 'சரவணபவ' சொல்லித் திருப்பிக் கொண்டுவரலாம்.

சாயங்காலம் வேன் வந்து நிற்கும். பேச்சி இறங்குவாள். வாசலில் என்னைப் பார்த்ததும், அன்றைக்கு நான் நின்ற மாதிரியே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, விரலை விரித்துக்கொண்டு நிற்பாள். "போடவா, வேண்டாமா அண்ணாச்சி?" என்பாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வேனில் இருக்கிற பெண்களும் சிரிப்பார்கள். இத்தனை வருசத்தில் அந்த வேடிக்கை ஒரு நாள்கூடச் சலித்ததில்லை.

நானும் சிரிப்பேன். சிரித்துக்கொண்டே அவள் விரல்களை எண்ணுவேன். பத்தும் இருந்தால் எழுந்து போய்ச் சாமிக்கு விளக்கேற்றுவேன்.