அக்கறையுள்ள ஐந்து பேர்

புதிய கிளைக்கு மேனேஜராகப் போவதா வேண்டாமா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். மெத்தைக் கடை விற்பனையாளருக்கு அதுதான் தலைவலி. வருகிறவர் நிற்கிற நிலையைப் பார்த்தே எந்த மெத்தை என்று சொல்லிவிடுவார். தன் விஷயம் என்றால் மட்டும் கையும் ஓடாது, காலும் ஓடாது. பதினான்கு வருஷம் மற்றவர்கள் படுப்பதைப் பார்த்தே காலம் தள்ளியவர். பதவி உயர்வுக்கு ஆசை இல்லாமலா இருக்கும்?

வாழ்க்கையைத் திட்டமிட, உங்கள் மேல் அக்கறையுள்ள ஐந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எங்கோ படித்தார். போதாதா? மனைவி, அண்ணன், மச்சினன், எதிர்வீட்டுத் தையல்காரர் என்று நான்கு பேரைத் திங்கட்கிழமையே கூட்டிவிட்டார்.

அண்ணன் போ என்றார். மனைவியும் அதையே சொன்னாள். மச்சினன் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றான். பேச்சுத்துணை போய்விடுமே என்று தையல்காரர் அவன் பக்கம் சாய்ந்தார். அதோடு விடாமல், எதற்கும் இருக்கட்டும் என்று சட்டைக்கு அளவும் எடுத்துக்கொண்டார்.

ஐந்தாவது ஆள் வந்தால் இழுபறி தீரும் என்று மாமியாரை அழைத்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வந்ததும் நோட்டில் கோடு போட்டார். பேச நினைப்பவர் கை தூக்க வேண்டும் என்றார். புதன்கிழமை நம்மவர் கை தூக்கினார்.

"நீங்க பேசக்கூடாது, மாப்பிள்ளை. உங்களால நடுநிலையா யோசிக்க முடியாது."

"என் வாழ்க்கைதானே, அத்தை?"

"அதனாலதான் சொல்றேன்."

வியாழக்கிழமை காலை நம்மவரை டீ போடச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அரைமணி கழித்துத் தீர்ப்பு வந்தது: இன்னும் ஒரு வாரம் அவகாசம் வேண்டும், முதலாளியிடம் மாமியாரே நேரில் போய்க் கேட்பார். நம்மவருக்குத் தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தபோது பொறுமை அடியோடு போயிருந்தது. இனி ஒருத்தரையும் கேட்பதில்லை, போவதுதான் என்று தானே முடிவெடுத்தார். மனசு லேசாகிவிட்டது. நேரே முதலாளி அறைக்கு நடந்தார்.

வாசலில் பில் போடும் பெண் மறித்தாள்.

"புதுக் கிளைக்கு நான் போறேன்னு முதலாளிகிட்ட சொல்லணும்மா."

"அது நேத்தே முடிவாயிடுச்சு சார்," என்றாள் அவள். "உங்க மாமியார்தான் அங்க மேனேஜர், விற்பனைக்கு உங்களையே அனுப்பச் சொல்லிட்டாங்க, உங்க சம்மதத்தை வீட்ல மத்தவங்க பார்த்துப்பாங்களாம்."