நான் அழவில்லை என்பதைக் கட்டம் கட்டிப் போடவும்

ரிஷிவந்தியம்,
ஆனி 14.

‘கோடும் நிறமும்’ மாத இதழின் ஆசிரியர் அவர்கள் சமூகத்துக்கு, ரிஷிவந்தியம் கூத்து மன்றத்தில் முப்பது வருஷமாகக் கட்டியக்காரன் வேஷம் கட்டும் ராஜாங்கம் வணங்கி எழுதிக்கொண்டது. கட்டியக்காரன் என்றால் கூத்தில் கோமாளி, ராஜாவுக்கு முன்னால் வந்து ஊரைச் சிரிக்க வைக்கிறவன். சென்னையில் இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று சொல்லி வைக்கிறேன். இங்கு நானும் என் மனைவி சாலம்மாளும் எங்கள் எருமையும் நலம். அதிலும் நான் ரொம்ப நலம். ‘ரொம்ப’ என்பதன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன், கவனிக்கவும், இந்தக் கடிதமே அதைச் சொல்லத்தான். தங்கள் நலமும் தங்கள் அலுவலகத்தார் நலமும் அறிய ஆவல் என்று எழுதுவது மரியாதை. இந்த முறை அந்த ஆவல் எனக்குக் கொஞ்சம் கம்மியாகத்தான் இருக்கிறது.

தங்கள் வைகாசி இதழில் பதினெட்டாம் பக்கம் முழுக்க என் முகம் வந்திருக்கிறது. கள்ளக்குறிச்சிப் பெண் தமிழ்ப்ரியா, சென்னையில் ஓவியம் படிக்கிறவள், வரைந்தது. வரைந்ததில் குற்றம் சொல்ல மாட்டேன். மூக்கு என் மூக்கு, காது என் காது, குல்லாயில் இருக்கிற கிழிசல்கூட விட்டுப்போகவில்லை. ஆனால் வலது கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்குகிறது. அதற்குக் கீழே நீங்கள், ‘சிரிப்புக்குப் பின்னால் அழும் கலைஞன், அழிந்துவரும் ஒரு கலையின் கடைசித் துளி’ என்று அச்சடித்திருக்கிறீர்கள். ஐயா, எது அழிந்து வருகிறது? தை பிறந்ததிலிருந்து ஆடி முடிகிற வரை எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை காலி கிடையாது. கள்ளக்குறிச்சிக்குப் போய்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ள நாள் கிடைக்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிகிறேன். கண்ணீர் என்று நீங்கள் சொல்வது முத்துவெள்ளை, முகத்தில் பூசுகிற வெள்ளைப் பொடி, அது கண்ணில் விழுந்தால் யாருக்கும் தண்ணீர் வரும்.

உங்கள் கட்டுரையில் வெளிநாட்டு ஓவியர்கள் வரைந்த கோமாளிகள் ஏழு பேரைச் சின்னச் சின்னதாகப் போட்டிருந்தீர்கள். பூதக்கண்ணாடி வாங்கி வந்து பார்த்தேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. ஒருத்தன் தொளதொள வெள்ளைச் சட்டையில் இரண்டு கையையும் தொங்கப் போட்டுக்கொண்டு, மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டவன் மாதிரி நிற்கிறான். ஒருத்தன் குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துத் தரையைப் பார்க்கிறான். மூக்கில் தக்காளி மாதிரி எதையோ ஒட்டிக்கொண்ட இன்னொருத்தன் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பெருமூச்சு விடுகிறான். ஐயா, தையல்காரரை வரைந்தால் மெஷினில் உட்கார வைத்து வரைகிறீர்கள். மீன்காரரை வரைந்தால் கையில் வலை இருக்கிறது. கோமாளியை மட்டும் ஏன் வேலை முடிந்து உட்கார்ந்திருக்கும்போதே போய்ப் பிடிக்கிறீர்கள்? வேலை முடிந்து உட்கார்ந்தால் தாசில்தாருக்கும் அந்த முகம்தான். எங்கள் மன்றத்து ராஜா வேஷக்காரர் விஜயராகவன், கூத்து முடிந்ததும் கிரீடத்தைத் தலைக்கு வைத்து வாயைப் பிளந்துகொண்டு தூங்குவார். அதை யாரும் வரைந்து ‘அழிந்துவரும் அரசாட்சி’ என்று போடுவதில்லை. கோமாளி என்றால் உள்ளே அழுதுகொண்டிருக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? எனக்கு உள்ளே பழைய சோறும் கருவாடும்தான் இருக்கிறது.

இனி, உங்கள் அந்த ஒரு வரியால் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள். என் அண்ணன் மகன் அருள் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து, போனில் இருக்கிற எல்லாக் குழுவுக்கும் அனுப்பிவிட்டான். மறுநாளே சாலம்மாளின் தம்பி பழனி, உளுந்தூர்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, சாத்துக்குடிப் பையோடு வந்து இறங்கி, “இன்னா மாமா, வூட்ல எதனா பிரச்சனையா? எங்கக்கா எதனா சொல்லிச்சா?” என்று காதோடு கேட்கிறான். உள்ளேயிருந்து சாலம்மாள், “நான் இன்னாடா சொன்னேன்? இந்தாளு நேரா நேரத்துக்குக் கொட்டிக்கினு நல்லாத்தான் கீறாரு” என்கிறாள். சாத்துக்குடியைத் தின்று அவனை அனுப்பினேன். அடுத்து, மலைமேல் கரியாலூரில் கோடை விழா மேடை. அங்கே பெருமாயி என்று ஓர் அம்மா, மலைக்காடு வைத்துச் சாமை போடுகிறவர், வருஷா வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர். இந்த வருஷம் நான் வாயைத் திறக்கும் முன்னால் எழுந்து வந்து, “அழுவாத சாமி, ரெண்டு படி சாமை வச்சிருக்கறேன், வூட்ல கஞ்சி காச்சிக் குடி” என்று மூட்டையைக் கையில் கொடுத்துவிட்டார். சாமை நல்ல சாமை, அதில் பழுதில்லை. ஆனால் சிரிப்பு வரவேண்டிய இடத்தில் சாமை வந்தால் ஒரு கோமாளி என்ன செய்வான்? அதற்கு அடுத்தது திருநாவலூர் பக்கம். வேட்டி அவிழ்வது தெரியாமல் நான் ராஜாவின் பெருமையை அடுக்குகிற கட்டம் ஒன்று உண்டு. முப்பது வருஷத்தில் அதற்குச் சிரிக்காதவர்களை நான் பார்த்ததில்லை, பந்தோபஸ்துக்கு வருகிற போலீஸ்காரர்கள் உள்பட. அன்று பெண்கள் பக்கத்திலிருந்து உச்சுக் கொட்டுகிற சத்தம் வந்தது. ஒரு பெரியவர் ஏறி வந்து, எனக்குப் புது வேட்டி ஒன்றைப் போர்த்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். விஜயராகவன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடி, “ஒனக்குக் குடுத்தாங்க, எனக்கு ஒண்ணும் குடுக்கலயே” என்று முணுமுணுத்தார்.

எங்கள் மன்றத்தை நடத்துகிற வாத்தியார், பாவாடை என்று பேர், நல்ல மனிதர். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “ராஜாங்கம், தப்பா நெனச்சிக்காத. ஆடி மொத வெள்ளி நம்மூர் மாரியம்மன் கோயிலு கூத்துல சனம் சிரிச்சா நீதான் கட்டியக்காரன். சிரிக்கலன்னா சந்தோஷு அந்த வேஷத்த கட்டட்டும்” என்றார். சந்தோஷ் எங்கள் மன்றத்தில் தாளம் போடுகிற பையன். பேரிலேயே சந்தோஷம் இருக்கிறதாம். இந்த ஊரில் எனக்குக் காணி நிலம் இல்லை, பதவி இல்லை, நான் வந்தால் நாலு பேர் சிரிக்கிறார்கள் என்பது ஒன்றுதான் இருக்கிறது. அதையும் உங்கள் பதினெட்டாம் பக்கத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

அந்தப் படம் வரைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள். மாசி மாதம் ஒரு நாள் காலை பத்து மணிக்குத் தமிழ்ப்ரியா வந்து, முழு வேஷம் போடச் சொல்லி, மாட்டுக்கொட்டகை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார வைத்தாள். மூன்று மணி நேரம். சின்னப் பெண்ணுக்கு அலுப்புத் தட்டக்கூடாதே என்று, என் சரக்கிலேயே நல்லதாகப் பார்த்துப் பதினோரு வேடிக்கை சொன்னேன். மும்மாரியும் சொன்னேன். ராஜா, “கட்டியக்காரா, நம் நாட்டில் மாதம் மும்மாரி பொழிகிறதா?” என்று கேட்பார். நான், “பொழியுதுங்க ராஜா. எங்க தெருவுலயே மூணு மாரி. பெரிய மாரி, நடு மாரி, சின்ன மாரி. கொழாயடியில மூணு பேரும் பொழிஞ்சிகினுதான் கீறாளுங்க, காது குடுத்துக் கேக்க முடியல” என்பேன். ஊரே விழுந்து புரளும். அந்தப் பெண், “ஐயா, வாய அசைக்காதீங்க” என்றாள். மற்றபடி மரியாதையான பெண்தான். அப்போது சாலம்மாள் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அந்த நெடி நேராக என் கண்ணுக்கு வந்தது. கடைவாய்ப் பல்லும் விண்விண் என்று தெறித்தது. முதலில் முத்துவெள்ளை என்று எழுதியிருந்தாயே என்பீர்கள். அதுவும்தான். ஒரு மனிதனுக்கு மூன்று காரணம் இருக்கக்கூடாதா?

ஆகவே ஆடி இதழில், முதல் பக்கத்தில், கட்டம் கட்டிக் கீழ்க்கண்ட மறுப்பைப் போட வேண்டும்: ‘கட்டியக்காரன் ராஜாங்கம் அழவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறார், தூங்குகிறார். அவருடைய கலை அழியவில்லை. கூத்து வைக்க விரும்புவோர் முன்கூட்டியே நாள் கேட்டுக்கொள்ளவும்.’ போடாவிட்டால் முழு வேஷத்தோடு பஸ் ஏறிச் சென்னைக்கு வந்து, உங்கள் அலுவலக வாசலில் உட்கார்ந்து, உள்ளே ஒருவரும் ஒரு வரி எழுத முடியாதபடி சிரிக்க வைத்துவிடுவேன். இதை மிரட்டல் என்று எடுத்துக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்.

தங்கள் இதழ் பல்லாயிரம் பேர் கையில் தவழவும், தங்கள் பிள்ளைகுட்டிகள் நோய்நொடி இல்லாமல் இருக்கவும், படத்துக்குக் கீழே வரி எழுதுகிறவருக்குக் கண் நன்றாகத் தெரியவும் எங்கள் ஊர் மாரியம்மன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
அழாத,
மு. ராஜாங்கம்

பின்குறிப்பு: உறையை ஒட்டியபிறகு பிரித்து எழுதுகிறேன், ஓரம் கிழிந்திருப்பதற்கு மன்னிக்கவும். தபாலில் சேர்க்கக் கிளம்பும்போது போன் வந்தது. தமிழ்ப்ரியா. “ஐயா, இப்பதான் சிரிச்சேன்” என்றாள். “எதுக்கும்மா?” என்றேன். “ஹாஸ்டல் கொழாயாண்ட ரெண்டு பேரு தண்ணிக்கு சண்ட போட்டுக்கினு இருந்தாங்க. ஒருத்தி பேரு மாரி. இன்னொருத்தியும் மாரியாம். அப்பதான் நீங்க சொன்ன மும்மாரி எனக்குப் புரிஞ்சிது. பக்கெட்ட கீழ போட்டுட்டு சிரிச்சேங்க. அன்னிக்கி உங்க மூக்கு சரியா வரலயேன்னு அதுலயே இருந்தேன், நீங்க சொன்னது ஒண்ணுமே காதுல ஏறல. கோச்சிக்காதீங்க” என்றாள். சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள், நான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை.

ஐயா, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முத்துவெள்ளை என் கண்ணுக்குப் பழகிப்போனது. அன்று எங்கள் வீட்டில் வெங்காயமே இல்லை. பல் வலிக்க ஆரம்பித்தது சித்திரையில்தான். முப்பது வருஷத்தில் என் முகத்தை மூன்று மணி நேரம் கண் எடுக்காமல் பார்த்த ஒரே ஆள் அந்தப் பெண்தான், அவளுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பதினோராவது வேடிக்கைக்கு அப்புறம் என் வலது கண்ணில் ஒரு சொட்டு வந்து நின்றுவிட்டது. அவள் கண்டதைத்தான் வரைந்திருக்கிறாள். இதை அப்படியே சாலம்மாளிடம் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல் சிரித்த சிரிப்பில் எருமை மிரண்டு கயிற்றை இழுத்தது. எனவே ஆடி வெள்ளியன்று உங்கள் பதினெட்டாம் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நான் கூத்துக்குள் வரப்போகிறேன். ஏன் அழுகிறாய் என்று ராஜா கேட்பார், நான் இந்தக் கதையைச் சொல்வேன். சந்தோஷ் இன்னும் கொஞ்ச நாள் தாளம் போடட்டும். மறுப்பு வேண்டாம், கட்டமும் வேண்டாம். ஆடி இதழில் அந்தப் படத்தை மறுபடி போட்டு, கீழே உள்ள வரியை மட்டும் இப்படி மாற்றிவிடுங்கள்: ‘கட்டியக்காரன் ராஜாங்கம், ஓவியர் சிரிப்பதற்கு நான்கு மாதம் முன்பு.’