மதகு மாமு போட்ட மீன் பாதை

எண்ணூர் வட்டாரத்தில் மூன்று சர்க்கார் அதிகாரிகளையும் ஒரு பாக்டரி மானேஜரையும் ஒரே நாளில், ஒரே மணிக்கு, ஒரே சேற்றில் நிற்க வைத்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். கவர்னர் உத்தரவு போட்டிருந்தாலும் அது நடந்திருக்காது. ஒருவர் லீவு எடுத்திருப்பார், இன்னொருவருக்கு ஜீப் ரிப்பேராகியிருக்கும். அதைச் சாதித்தவர் எங்கள் ஆபீஸ் லஸ்கர். ஏரி மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் உத்தியோகம். ரிஜிஸ்தரில் அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியல் எழுதிய எனக்கே அது ஞாபகமில்லை. மதகு மாமு என்றால்தான் திருவொற்றியூர் முதல் காத்திவாக்கம் வரை தெரியும்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். நான் அப்போது திருவொற்றியூர் பாசன ஆபீசில் குமாஸ்தா. ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்று தினமும் மாமு சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். அளவுகோலை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டதால் மாமு தன் உடம்பாலேயே அளப்பார். "முட்டிக்கு மேல நாலு விரலு, எய்திக்கோ கிளார்க் சார்" என்பார். நானும் சோம்பேறித்தனத்தில் ஒருநாள் அப்படியே எழுதி மேலே அனுப்பிவிட்டேன். 'யாருடைய முட்டி என்பதைத் தெளிவுபடுத்தவும்' என்று தலைமை ஆபீசிலிருந்து மெமோ வந்தது. மாமு கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. "என்துதான். எடது முட்டின்னு எய்து. வலதுல வாயு புடிச்சு வீங்கிக்கினு கீது, அத்த நம்ப முடியாது." அப்படியே எழுதினேன். மேற்கொண்டு கேள்வி வரவில்லை.

இந்த மனிதருக்கு மீன்மேல் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்ல வேண்டும். ஏரியிலிருந்து ஓர் ஓடை இறங்கி எண்ணூர் உப்பங்கழியில் சேர்கிறது. யுத்த காலத்தில் மிலிட்டரி லாரி போக அதன் குறுக்கே ரோடு போட்டு, தண்ணீருக்கென்று மூன்று சிமெண்டுக் குழாய்களைப் பதித்துவிட்டுப் போனார்கள். குழாய்கள் ஓடைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் தொங்கின. தண்ணீருக்கு அதனால் நஷ்டமில்லை, மேலிருந்து கொட்டிவிட்டுப் போயிற்று. மடவை மீன் குஞ்சுகள்தான் மாட்டிக்கொண்டன. கடல்நீர் ஏறும்போது அவை கழிக்குள் வந்து, ஓடை வழியாக மேலே உள்ள குட்டைகளுக்குப் போய், தின்று கொழுத்து, ஐப்பசி மழையில் இறங்கும். அப்போது காத்திவாக்கத்துக்காரர்கள் பிடிப்பார்கள். ரோடு வந்த பிறகு குஞ்சுகள் குழாய்க்கு அடியில் கும்பல் கும்பலாக நின்று, எம்பி எம்பி விழுந்து, வெயிலில் செத்தன. காத்திவாக்கத்தில் ஐப்பசி வெறும் மழையாகப் பெய்துவிட்டுப் போயிற்று. ஆண்கள் ஒவ்வொருவராக ஹார்பருக்கு மூட்டை தூக்கப் புறப்பட்டார்கள்.

மாமு முதலில் தனியாளாகத்தான் ஆரம்பித்தார். பக்கெட்டில் குஞ்சுகளை அள்ளி, ரோட்டைத் தாண்டி, மேல்பக்கம் கொண்டுபோய் விடுவார். வெள்ள காலத்துக்கென்று ஆபீஸ் கொடுத்திருந்த சிவப்புக் கொடியைக் காட்டி லாரிகளை நிறுத்துவார்.

"இன்னா மாமு, ரயிலு கியிலு வருதா?"

"ரயிலு இல்ல நைனா, மடவை போவுது. ரெண்டு நிமிசம் நில்லு, இன்னும் ஒரு பக்கெட்டு கீது."

லாரிக்காரன் திட்டுவான். மாமு பதிலுக்குத் திட்டமாட்டார். ஆனால் வேண்டுமென்றே மெதுவாக நடப்பார்.

இத்தனைக்கும் அவருக்கு நீந்தத் தெரியாது, மீனை வாயில் வைக்கவும் மாட்டார். காரணம் கேட்டேன். "தெரிஞ்சவங்கள எப்டி சார் துன்றது?" என்றார்.

பக்கெட்டால் ஆகிற காரியமில்லை என்று ஒருநாள் அவருக்கே புரிந்தது. என்னிடம் வந்து உட்கார்ந்தார். நான்தான் மனு எழுதினேன். குழாயைத் தாழ்த்த வேண்டும். அது ரோடு ஆபீஸ். அதற்குக் கீழே உப்பளக் கரையில் இன்னும் ஒரு வாய் வெட்ட வேண்டும்; அது உப்பு ஆபீஸ். அதற்கும் கீழே பாக்டரி கொட்டிய கரிக்கட்டி மேட்டை வார வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சீசனில் எங்கள் மதகை ஒரு சாண் திறக்க வேண்டும். நாலு பேரும் பதில் எழுதினார்கள். 'இது எங்கள் சம்பந்தப்பட்டதல்ல, மற்ற மூவரைக் கேட்கவும்' என்று நாலு கடிதங்களும் வார்த்தை மாறாமல் இருந்தன. எங்கள் ஆபீஸ் கடிதத்தை நானேதான் எழுதினேன். அதற்கு இப்போதும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன்.

மாமு நாலு கடிதங்களையும் என் மேஜைமேல் வரிசையாக வைத்தார். "மீனுக்கு ஒரே தண்ணி. இவுங்களுக்கு நாலு தண்ணி. நாலு பேரையும் ஒண்ணா இட்டாந்துட்டா?"

அவர் போட்ட திட்டம் எந்த ஐ.சி.எஸ். மூளைக்கும் எட்டாதது. ஒவ்வோர் ஆபீசாகப் போய், 'மத்த மூணு பேரும் ஒத்துக்கினாங்க, புதன்கிழமை பத்து மணிக்கு ஓடையாண்ட வர்றாங்க, நீங்கதான் பாக்கி' என்று சொன்னார். அவ்வளவுதான். தான் இல்லாத இடத்தில் மற்ற மூவரும் கூடினால் பழி தன் தலையில்தான் விழும் என்று நாலு பேருக்கும் தெரியும். புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கே நாலு பேரும் ஆஜர். எங்கள் மேலதிகாரி எஸ்.டி.ஓ. என்னையும் நோட்டுப் புத்தகத்தோடு இழுத்து வந்திருந்தார்.

"கீய இறங்கிப் பாருங்க சார், அப்பதான் தெரியும்" என்று மாமு அவர்களைக் குழாய்க்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். கடல்நீர் ஏறும் நேரம் பத்தேகால் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ரோடு இன்ஜினீயர் சட்டதிட்டங்களை விளக்கிக்கொண்டிருக்கும்போதே பூட்ஸுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீரோடு மீனும் வந்தது. கையளவு மடவை ஒன்று குழாய்க்குக் குறி வைத்து எம்பி, குறி தவறி, இன்ஜினீயரின் மார்பில் சப்பென்று மோதி விழுந்தது.

"இன்னாய்யா இது?" என்று அவர் அலறினார்.

"மனு சார். நாங்க எய்தினா யாரு படிக்கிறாங்க? அதுவே நேர்ல குட்த்துட்டுப் போவுது."

உப்பு ஆபீசர் முதலில் சிரித்துவிட்டார். ஒருவர் சிரித்த பிறகு மற்றவர்களால் சட்டம் பேச முடியவில்லை. அந்தக் கோடையில் குழாய் தரைமட்டத்துக்கு இறங்கியது, கரையில் வாய் வெட்டினார்கள், கரிக்கட்டி மேடு போயிற்று. எங்கள் மதகும் ஒரு சாண் திறந்தது. நாலு பேரும் அவரவர் மேலிடத்துக்கு, இது முழுக்கத் தன் யோசனை என்று அறிக்கை அனுப்பினார்கள். எங்கள் அறிக்கையையும் நானேதான் எழுதினேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் மாமுவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கடல்நீர் ஏறிய முதல் காலையில் அவர் குளித்து விபூதி பூசிக்கொண்டு குழாயடிக்குப் போனார். குழாய் வாயை அடைத்து, கண் சிறுத்த வலை ஒன்று கட்டியிருந்தது. குஞ்சுகள் அதில் கொத்துக் கொத்தாகத் துடித்துக்கொண்டிருந்தன.

காத்திவாக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கழியில் எந்தத் துறையில் யார் வலை கட்டுவது என்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் கூடிச் சீட்டுப் போடுவார்கள். அதில் ஏமாற்று கிடையாது, சலுகை கிடையாது. குழாய் வாய் திறந்ததும், புதுத் துறை ஒன்று கிடைத்ததென்று ஊர்த் தலைவரான நாட்டார் அதையும் சந்தோஷமாகச் சீட்டில் சேர்த்துவிட்டார். அநியாயமாகக் கட்டிய வலையாக இருந்தால் சண்டை போடலாம். இது நூற்றுக்கு நூறு நியாயமாகக் கட்டிய வலை.

மாமு வலையை ஒரு பக்கம் அவிழ்த்துவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குழாய்க்கு முன்னால் உட்கார்ந்துகொண்டார். விஷயம் கேள்விப்பட்டு நான் போனபோது கரையில் ஊரே நின்றது. நாட்டார் கோபத்தில் இருந்தார்.

"யோவ் மதகு, எய்ந்து வாய்யா. சீட்டு வியுந்தவன் வலை கட்டுவான். அது ஊரு கட்டுப்பாடு."

"இந்த வருசம் குஞ்சு மேல போவலன்னா அடுத்த வருசம் உனுக்குச் சீட்டு எதுக்கு, ஊரு எதுக்கு? அல்லாரும் ஹார்பருக்குப் போங்க."

மாமுவின் குரல் நடுங்கியதை அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். குளிரா, அழுகையா என்று தெரியவில்லை. கழியில் கைதடவி இறால் பிடிக்கும் கன்னியம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நாட்டாரே, இந்தக் குஞ்சு அத்தினியும் காயவெச்சா ரெண்டு படி கருவாடு தேறுமா? எம் மவன் மூட்டை தூக்கி முதுகு ஒடிஞ்சு கெடக்குறான். ஒண்ணு செய்யி. அந்தத் துறைய மாமு பேர்ல எய்திடு."

"அவரு வெளியூரு. ஒரு வலை கூட கெடையாதே!"

"வலை இல்லாதவருக்குக் குட்த்தாதான் அங்க வலை வியாது!"

கூட்டம் ஒரு நிமிஷம் அதை மென்று பார்த்துவிட்டுச் சிரித்தது. நாட்டாரும் சிரித்துவிட்டார். அன்றே தீர்ப்பு ஆயிற்று: குழாய் வாய் மதகு மாமுவின் துறை, அவர் இருக்கும்வரை அதற்குச் சீட்டில்லை. சீட்டு விழுந்திருந்தவனுக்கு வேறு இடம் கொடுத்தார்கள். வலை இல்லாத, நீந்தத் தெரியாத, மீன் தின்னாத ஒருவருக்குக் கழியிலேயே நல்ல துறை கிடைத்தது. மாமு தினமும் போய், தன் துறையில் ஒரு மீனும் பிடிபடவில்லை என்று பார்த்துவிட்டுத் திருப்தியாக வருவார்.

அந்த ஐப்பசியில் மடவை பெருத்து இறங்கியது. அடுத்த வருஷம் இன்னும் அதிகம். கன்னியம்மாவின் மகன் மூட்டையை விட்டுவிட்டு வலைக்குத் திரும்பினான். அவள் இலையில் சுற்றி மாமுவுக்குக் கொண்டுவந்த மீன்களையெல்லாம் நான்தான் சாப்பிட்டேன். எனக்கு அவற்றோடு முன்பழக்கம் கிடையாது.

மூன்றாவது வருஷம் ஆடியில் மாமு காய்ச்சலில் கிடந்தார். ஒரே வாரத்தில் போய்விட்டார். கொள்ளி வைக்க உறவென்று யாரும் வரவில்லை. ஊர்தான் எடுத்துப் போட்டது.

அடுத்த சீட்டுக்கு நானும் போய் நின்றேன். ஆபீசில் ஏதோ இன்ஸ்பெக்ஷன் என்று சொல்லியிருந்தேன். இப்படி ஒருவர் பேரில் இருக்கும் துறையைச் சொல்லி, ஆளை மூன்று தரம் கூப்பிடுவது முறை. பதில் இல்லையென்றால் துறை பொதுச் சீட்டுக்குப் போய்விடும். குழாய் வாய் என்றால் இப்போது எல்லாருக்கும் நாக்கில் நீர் ஊறும். நாட்டார் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"குயா வாயி. மதகு மாமு."

ஒருவரும் பேசவில்லை. இரண்டாம் தரம் கூப்பிட்டார். மூன்றாம் தரம் அவர் வாயைத் திறப்பதற்குள், சீட்டில் பெண்கள் பேசக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மீறி, பின்னாலிருந்து கன்னியம்மா கத்தினாள்.

"கீறாரு, கீறாரு. நீ அடுத்த துறையப் படி."

நாட்டார் அடுத்த துறையைப் படித்தார். சீட்டுக்கு நின்ற ஆண்களில் ஒருவர்கூட ஆட்சேபிக்கவில்லை. சர்க்காருக்கு இல்லாததையெல்லாம் இருப்பதாக எழுதியே காலம் தள்ளிய குமாஸ்தா நான். அவள் சொன்னது மட்டும் எனக்குப் பொய்யாகப் படவில்லை.